மை பூசிய ஏடு

ஏட்டுப் பிரதிகளோடு பழகியவர்களுக்குச் சிதைவு புதிதன்று. செல்லரித்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டி, அங்கே இருந்த பாடம் யாதாயிருக்கலாம் என ஊகித்துக்கொண்டு மேலே செல்வோம். செல்லுக்கு உள்நோக்கம் கிடையாது. ஆனால், அண்மையில் யான் படித்த ஒரு நூலிற் சிதைவை உண்டாக்கியது செல்லன்று, ஓர் அரசாங்கம். அதுவும், நூலாசிரியரைச் சிறைவைத்த அதே அரசாங்கம்.

மொஹமெது உல்த் சலாஹி என்னும் மொரித்தானிய நாட்டவர் எழுதிய 'குவாந்தனாமோ நாட்குறிப்பு' என்பதே அந்நூல். பெயர் நாட்குறிப்பாயினும் பொருள் தன்வரலாறே. கியூபாத் தீவிலுள்ள அமெரிக்கச் சிறை முகாமிலிருந்து 2005ஆம் ஆண்டில் 466 பக்கங்களைக் கையால் எழுதித் தம் சட்டத்தரணிகளுக்கு அளித்தார். பல்லாண்டு வழக்காடிய பின்னரே அவை வெளிவந்தன. 2015 ஜனவரியில் நூல் அச்சேறியபோது 2,500க்கு மேற்பட்ட இடங்களிற் சொற்கள் கரிய பட்டைகளால் மறைக்கப்பட்டிருந்தன.

அரபு, பிரெஞ்சு, ஜேர்மன் ஆகிய மூன்றும் அறிந்த அவருக்கு ஆங்கிலம் நான்காவது மொழி. காவலரும் விசாரணையாளரும் பேசக் கேட்டே அதனைப் பெரிதும் கற்றார். தம்மை வதைத்தோர் வாய்மொழியையே கருவியாக்கி அவர் எழுதியிருப்பது மொழியாசிரியனாகிய என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. வதைத்தோருட் பெண்களும் இருந்தனர் என்பதை மறைக்க, 'அவள்' என்னும் பொருள்படும் சுட்டுப்பெயரையும் தணிக்கையாளர் கருமையாக்கினர். நம் தமிழில் எழுதப்பட்டிருந்தால் அவர்கள் பாடு திண்டாட்டமாகியிருக்கும். எழுவாயை மறைத்தாலும், 'வந்தாள்' 'சொன்னாள்' என்று பயனிலை காட்டிக்கொடுத்துவிடுமன்றோ!

இனி, வழக்குக்கு வருவோம். சலாஹி சந்தேகத்துக்கு ஒரு காரணமும் இல்லாதவர் என்று சொல்வது நேர்மையாகாது. ஜேர்மனியில் மின்பொறியியல் படித்த காலத்தில், 1991இல் ஆப்கானிஸ்தானம் சென்று அல்கைதா இயக்கத்துக்கு விசுவாசப் பிரமாணம் செய்தார். அங்கிருந்த கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்துப் போரிடவே சென்றதாகவும், 1992உடன் அத்தொடர்பை அறுத்துவிட்டதாகவும் கூறுகிறார். ஆயினும் அவருடைய உறவினர் ஒருவர் அவ்வியக்கத்தில் உயர்நிலையில் இருந்தார். 1999இல் சலாஹியின் வீட்டில் ஓரிரவு தங்கிய மூவருள் ஒருவர், 2001 செப்டெம்பர்ச் சதியிற் பின்னர் முக்கிய பங்கு கொண்டார். அச்சதிக்கு ஆள் திரட்டியவர் சலாஹியே என்பது அமெரிக்க அரசின் குற்றச்சாட்டு. அதனை அவர் மறுக்கிறார்.

இவையெல்லாம் நீதிமன்றத்தில் ஆராய்ந்து முடிவு செய்யத்தக்க செய்திகள். அவ்வாறு ஆராய இயலாதபடி செய்தவர் யார்? 2003இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளரின் ஒப்புதலோடு அவர்மீது 'விசேட' விசாரணை நடத்தப்பட்டது. தனிமை, உறக்கமின்மை, கடுங்குளிர், அடி. கண்ணைக் கட்டிப் படகிலேற்றிக் கடலிற் கொண்டுசென்றனர். தாயாரையும் பிடித்துவரப்போவதாகக் கூறும் போலிக் கடிதமொன்றையும் காட்டினர். கைதிகள் நடத்தப்பட்ட முறையை ஆராய்ந்த அமெரிக்க செனற் சபைக் குழுவின் 2008ஆம் ஆண்டு அறிக்கையிலும் அவர் பட்ட பாடு பதிவாகியுள்ளது. முடிவில், ரொறன்ரோ நகரக் கோபுரத்தைத் தகர்க்கத் திட்டமிட்டதாக அவர் 'ஒப்புக்கொண்டார்'. கேட்டவர் மகிழ்ந்தாற் போதும், உண்மை பொய் தமக்கு ஒரு பொருட்டன்று என்னும் நிலையில் அதனைச் சொன்னாராம். நூலில் என்னை மிகவும் வருத்திய பகுதி இதுவே. அடிபட்ட உடம்பைப் பற்றிப் படிக்கும்போதுகூட இத்துணைத் துயரம் எழவில்லை.

அவர்மீது வழக்குத் தொடர நியமிக்கப்பட்டவர் ஸ்ருவேட் கவுச் என்னும் இராணுவ அதிகாரி. செப்டெம்பர்த் தாக்குதலில் தம் நண்பரான விமானியைப் பறிகொடுத்தவர். தண்டிக்க வேண்டுமென்ற வேகத்தோடு வந்த அவரே, வாக்குமூலங்கள் பெறப்பட்ட விதத்தை அறிந்ததும், 2004இல் அவ்வழக்கை நடத்த மறுத்து விலகினார். சலாஹி குற்றமற்றவர் என நம்பியதால் அன்று. வதையாற் பெற்ற சொல்லைச் சான்றாக்க மனம் ஒப்பாமையால்.

2010 மார்ச்சில் நீதிபதி ஜேம்ஸ் ரொபேட்சன், பிடிபட்ட காலத்தில் சலாஹி அவ்வியக்கத்தைச் சேர்ந்தவராயிருந்தார் என்பதை அரசு நிறுவவில்லையெனக் கூறி விடுதலைக்குக் கட்டளையிட்டார். அதே ஆண்டு நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, மறுபடி ஆராயுமாறு அனுப்பியது. பாண்டியன் ஆராயாது தீர்ப்பளித்தான் என்று இளங்கோவடிகள் காட்டினார். இங்கோ ஆராய்ச்சி நீண்டுகொண்டே போனது, முடிந்த தீர்ப்பு இல்லை. குற்றப்பத்திரமேனும் ஒருநாளும் தாக்கல் செய்யப்படவில்லை. குவாந்தனாமோவில் 14 ஆண்டுகள் கழித்து, 2016 ஒக்டோபர் 17இல் தாயகத்துக்கு அனுப்பப்பட்டார்.

நூலில் எனக்குக் குறையாகத் தோன்றுவதையும் சொல்லிவிட வேண்டும். ஆப்கானிஸ்தான நாள்களைப் பற்றி ஆசிரியர் சிக்கனமாகவே பேசுகிறார். அங்கு இன்னும் சில பக்கங்கள் வேண்டும் என்று வாசகன் கேட்பதில் தவறில்லை. ஆனால், ஒருவன் தானாகச் சொல்லாது விட்டதும் பிறர் மறைத்ததும் ஒரே நூலிற் கலந்து கிடக்கும்போது, எந்த மௌனம் யாருடையது என்று பிரித்தறிவது எளிதன்று.

2017இல் அவர் நினைவைத் துணைக்கொண்டு அப்பட்டைகளை நிரப்பிப் புதிய பதிப்பொன்றை வெளியிட்டார். மூல ஆசிரியரே தம் ஏட்டின் சிதைவுக்குப் பாடம் ஊகிப்பது நம் பதிப்பு வரலாற்றிற் காணாத புதுமை!

2001 நவம்பரில் பொலிசார் அழைத்தபோது அவர் தம் காரைத் தாமே ஓட்டிச் சென்றார். தாயார் பிரார்த்தித்து நிற்பதைக் காரின் கண்ணாடியிற் பார்த்துக்கொண்டே போனதாக எழுதுகிறார். அத்தாயார் 2013இல் காலமானார்.