பாலகாட்டில் நின்றால் செயலி எந்த ஊரைக் காட்டும்? வரைபட எண்கள் ஊர்ப்பெயராக மாறும் விதம்

கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலின் பழைய சுரங்கப் பகுதிகளுள் ஒன்று பாலகாட். அங்கு நின்று கைப்பேசிச் செயலியைத் திறப்பவருக்குத் திரையில் ராபர்ட்சன்பேட்டை, கே.ஜி.எஃப்., பங்காருப்பேட்டை, கோலார் ஆகியவற்றுள் எந்தப் பெயரும் தோன்றக்கூடும். அவர் நிற்கும் இடம் ஒன்றே. செயலி பெயரைத் தேடும் முறையே ஒவ்வொன்றிலும் வேறுபடுகிறது.

வானிலை அறிவிப்பு தவறான ஊருக்கு வந்தால் பெரிய இழப்பில்லை. ஆனால், அவசர உதவி கோருபவர் திரையில் உள்ள பெயரைப் பார்த்துத் தம் இடத்தைச் சொன்னால், உதவி வந்து சேர்வது தாமதமாகலாம். எனவே, எண்கள் எவ்வாறு ஊர்ப்பெயராகின்றன என்பதைப் பயனர்களும் அறிந்திருப்பது நல்லது.

கைப்பேசி அறிவது எண்களை மட்டுமே

செயற்கைக்கோள், கைப்பேசிக் கோபுரம், வைஃபை ஆகியவற்றின் சமிக்ஞைகளைக் கொண்டு கைப்பேசி தன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கணக்கிடுகிறது. கோலார் தங்கவயலுக்கு இவை தோராயமாக 12.96 வடக்கு, 78.27 கிழக்கு ஆகும். ஒரு பாகை அட்சரேகை என்பது ஏறத்தாழ 111 கி.மீ. தொலைவு. ஆகவே, தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் இருந்தால் இடம் சுமார் ஒரு கிலோமீட்டர் அளவுக்கும், ஐந்து இலக்கங்கள் இருந்தால் சுமார் ஒரு மீட்டர் அளவுக்கும் குறிக்கப்படும்.

இந்த எண்களுக்குள் ஊர்ப்பெயர் எதுவும் இல்லை. அதனை வேறொரு தரவுத்தளத்திலிருந்தே பெற வேண்டும். இந்தப் பணி ‘ரிவர்ஸ் ஜியோகோடிங்’ எனப்படுகிறது.

இரண்டு வழிமுறைகள்

முதலாவது, அருகிலுள்ள புள்ளியைத் தேடுவது. ஒவ்வோர் ஊரும் வரைபடத்தில் ஒரு புள்ளியாகப் பதிவாகியிருக்கும். பயனருக்கு மிக அருகிலுள்ள புள்ளியின் பெயரைச் செயலி எடுத்துக்கொள்ளும். ‘ஜியோநேம்ஸ்’ போன்ற திறந்த தரவுத்தளங்களின் ஊர்ப்பட்டியலைக் கைப்பேசியிலேயே சேமித்து, இணையம் இன்றியும் இதைச் செய்ய இயலும். ஆனால், பட்டியலில் சிற்றூர்கள் விடுபட்டிருந்தால் பக்கத்து நகரின் பெயரே வரும். தங்கவயலை அடுத்துள்ள ஆந்திர எல்லையோரச் சிற்றூர்களில் அண்டை மாநில ஊரின் பெயரும் தோன்றக்கூடும்.

இரண்டாவது, எல்லைக்கோட்டைச் சோதிப்பது. ஊர், வட்டம், மாவட்டம் ஆகியவற்றின் எல்லைகள் மூடிய வடிவங்களாகத் தரவுத்தளத்தில் இருக்கும். பயனரின் புள்ளியிலிருந்து ஒரு திசையில் கற்பனைக் கோடு நீட்டப்படும். அக்கோடு எல்லையை ஒற்றைப்படை எண்ணிக்கையில் கடந்தால் புள்ளி உள்ளே இருப்பதாகவும், இரட்டைப்படையில் கடந்தால் வெளியே இருப்பதாகவும் பொருள். இம்முறை மாநிலத்தையோ மாவட்டத்தையோ பெரும்பாலும் சரியாகக் காட்டும். ஊரின் எல்லை வரையப்படாத இடங்களில் மட்டும் இது பயன்படாது.

தங்கவயலின் பல பெயர்கள்

மக்கள் ‘கே.ஜி.எஃப்.’ என்று அழைக்கும் நகரின் உள்ளாட்சி அமைப்பு ராபர்ட்சன்பேட்டை நகரசபை ஆகும். முன்பு பங்காருப்பேட்டை வட்டத்தில் இருந்த தங்கவயல், பின்னர் தனி வட்டமாகப் பிரிக்கப்பட்டது. மாவட்டத் தலைநகரான கோலார், நேர்க்கோட்டில் 20 கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. பழைய எல்லைத் தரவைப் பயன்படுத்தும் செயலி பங்காருப்பேட்டை என்றும், மாவட்டப் பெயரை மட்டும் எடுக்கும் செயலி கோலார் என்றும் காட்டுவதற்கு இதுவே காரணம்.

சுரங்கங்களைச் சுற்றி உருவான பாலகாட், உரிகம், சாம்பியன் ரீஃப்ஸ், மாரிகுப்பம், கோரமண்டல் போன்ற குடியிருப்புகள் வரைபடத் தரவில் ‘நகரம்’ என்ற நிலையில் வருவதில்லை. அவை ‘பகுதி’ என்ற கீழ்நிலையில் வரலாம், அல்லது விடுபடலாம். சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அப்பெயர்களோ மக்களின் அன்றாடப் பேச்சில் இன்றும் வாழ்கின்றன.

ஒரே பெயர், இரு மாநிலங்கள்

பெயரை மட்டும் நம்புவதிலும் இடர் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் பாலகாட் என்றொரு மாவட்டமும் அதன் தலைநகரும் உள்ளன. அதுவும் தாமிரம், மாங்கனீசு சுரங்கங்களுக்குப் பெயர் பெற்ற பகுதி. தங்கவயலின் பாலகாட்டுக்கும் அதற்கும் இடையே சுமார் 1,000 கி.மீ. தொலைவு உள்ளது. பெயரை மட்டும் தட்டச்சு செய்து தேடினால், பெரிய ஊரே முதலில் வர வாய்ப்புள்ளது. எண்களில் இத்தகைய குழப்பத்திற்கு இடமில்லை.

செயலி உருவாக்குபவர் கவனிக்க வேண்டியவை

ஆண்ட்ராய்டில் உள்ள ‘ஜியோகோடர்’ வசதியில் ஊர்ப்பெயருக்கான புலம் சில இடங்களில் வெறுமையாகவே திரும்பும். அப்போது பகுதி, வட்டம், மாவட்டம் என அடுத்தடுத்த புலங்களைச் சோதிக்குமாறு நிரலை எழுத வேண்டும். ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ தரவில் இயங்கும் ‘நாமினேட்டிம்’ சேவையில் நகரம் முதல் கட்டடம் வரை தேவையான விவர அளவைக் குறிப்பிடலாம். அதன் பொதுச் சேவையகத்திற்கு வினாடிக்கு ஒரு கோரிக்கைக்கு மேல் அனுப்பக் கூடாது. பெறப்பட்ட பெயரைச் சேமித்து, பயனர் கணிசமான தொலைவு நகர்ந்த பின்னரே மீண்டும் கேட்பது முறை.

தமிழில் பெயர் தோன்ற வேண்டுமெனில், தரவுத்தளத்தில் அது தமிழிலும் பதிவாகியிருக்க வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கும் எவரும் தம் பகுதியின் பெயரைத் தமிழ், கன்னடம், ஆங்கிலம் என ஒவ்வொரு மொழியிலும் சேர்க்கலாம்.

இந்திய அஞ்சல் துறை 2025 மே மாதம் அறிமுகப்படுத்திய ‘டிஜிபின்’ முறை, ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கொண்ட ஒவ்வொரு கட்டத்திற்கும் 10 எழுத்தெண்கள் கொண்ட குறியீட்டை அளிக்கிறது. இதுவும் இடத்தைச் சுட்டுமே தவிர, ஊர்ப்பெயரைத் தராது.

பயனர்கள் அவசர வேளையில் செயலி காட்டும் ஊர்ப்பெயரை மட்டும் கூறாமல், வரைபடத்திலுள்ள இருப்பிடத்தைப் பகிர்ந்து, தங்கள் பகுதியின் பெயரையும் அருகிலுள்ள அடையாளத்தையும் சேர்த்துச் சொல்வதே பாதுகாப்பானது.