முகவரி இல்லாதவர்கள் – 6: கிரிவலம் நின்ற ஊர்

போன வாரம் சென்னையின் நடைபாதைகளைப் பார்த்தோம். பெருநகரத்தில் மாநகராட்சிக் காப்பகங்கள் இருந்தன, தன்னார்வ அமைப்புகள் இருந்தன, ஊடகக் கேமராக்களும் இருந்தன. சின்ன ஊர்களின் கதை வேறு.

திருவண்ணாமலை, 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 1.45 லட்சம் பேர் வாழும் ஊர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றிக் கிரிவலம் போக அதைவிடப் பல மடங்கு ஜனம் வந்து போகும். வீடில்லாதவர்களின் பிழைப்பு அந்தக் கூட்டத்தை நம்பித்தான். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக உட்கார்ந்திருக்கும் காவி உடைக்காரர்கள் எல்லோரும் துறவிகள் அல்லர். பிள்ளைகள் கைவிட்ட பெரியவர்கள், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள், கடனுக்கு அஞ்சி ஊரைவிட்டு வந்தவர்கள் எனப் பலரும் அவர்களில் உண்டு. இன்னொரு கூட்டம் பேருந்து நிலையத்தில் படுத்து, கல்யாண மண்டபங்களிலும் ஓட்டல்களிலும் பாத்திரம் கழுவிப் பிழைக்கும்.

கொரோனா பரவலைத் தடுக்க 2020 மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடை உத்தரவு அமலானது. அதற்கு முன்பே கோயில் நடை சாத்தப்பட்டிருந்தது. அன்னதானப் பந்தி நின்றது, முகூர்த்தங்கள் நின்றன, கிரிவலத்துக்கும் தடை வந்தது. “வீட்டிலேயே இருங்கள்” என்று ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் ஊர் ஊராகச் சொல்லிப் போயின. வீடே இல்லாதவர்களும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

டீக்கடை மூடினால் ஒரு டீ போச்சு என்று நமக்குத் தோன்றும். தெருவில் வாழ்பவருக்கு அது தண்ணீர்க் குடம், துணிமூட்டை வைக்கும் இடம், சேர்த்த காசைக் கொடுத்துவைக்கும் பெட்டி. கட்டணக் கழிப்பிடமும் பூட்டப்பட்டதால் குளியலும் போனது. கையை அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவச் சொன்ன நாட்களில் அவர்களுக்கு ஒரு குழாயடிகூட மிஞ்சவில்லை.

அரசு உதவவில்லை என்று சொல்ல மாட்டேன். அம்மா உணவகங்கள் திறந்திருந்தன. தடையின் தொடக்க நாட்களில் இட்லி ஒரு ரூபாய்தான். ஆனால் பிச்சையும் கூலியும் நின்றுபோனவரிடம் அந்த ஒரு ரூபாய் எங்கிருந்து வரும்? 2020 ஏப்ரலில் 1,000 ரூபாயும் விலையில்லா அரிசியும் கொடுத்தார்கள். அது அரிசி அட்டைக் குடும்பங்களுக்கு. அட்டைக்கு முகவரி வேண்டும். யாருக்கு மிக அவசரமோ அவர் பெயர் பட்டியலிலேயே இல்லை.

தடுப்பூசியிலும் இதே கதை. 2021 ஜனவரி 16-ல் தொடங்கிய திட்டம் அடையாள அட்டை கேட்டது. அட்டை இல்லாதவர்களுக்கு ஊசி போட மத்திய சுகாதார அமைச்சகம் தனி வழிமுறை வெளியிட்டது மே மாதத்தில்தான். இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மாதம் அது. அந்த வழிமுறையில் சாதுக்களும் தெருவோரம் பிச்சை எடுப்பவர்களும் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டார்கள். நான்கு மாதம் முன்னரே அதைச் செய்திருக்க வேண்டும்.

தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்க விதிகளின்படி, ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் காப்பகம் வேண்டியிருந்தது. தலைக்கு 50 சதுர அடி இடம் வேண்டியிருந்தது. யாத்ரிகர்களை நம்பி வீடற்றோர் வந்து சேரும் ஊருக்கு இந்தக் கணக்கு போதவே போதாது. குடியிருப்போர் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது.

அதே விதிகள், காப்பகத்தில் இருப்பவர்களுக்கு அடையாளச் சான்றும் அரசுத் திட்டங்களும் கிடைக்க வழிசெய்யச் சொல்லின. காப்பகத்தின் கதவு எண்ணையே முகவரியாக வைத்து ரேஷன் அட்டை வாங்கித் தரலாம். உங்கள் ஊரில் காப்பகம் எங்கே இருக்கிறது, அங்கிருப்பவர்களுக்கு அட்டை இருக்கிறதா என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். அடுத்த தொற்று வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

(தொடரும்)