பெங்களூருக்கு பிளைட்டில் 1 மணி நேரம். ஆனால் போய்ச் சேர 5 மணி நேரம்!

பூந்தமல்லி:-

துக்க வீடு, வேலை இன்டர்வியூ என்று பெங்களூருக்கு அவசரமாகப் போகணும் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது விமானம்தான். வான்வழி தூரம் சுமார் 270 கி.மீ., பயணம் சுமார் 1 மணி நேரம்.

ஆனால் கணக்கு அதோடு முடியாது. பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடியில் இருந்து மீனம்பாக்கம் போக 1 மணி நேரம் ஆகிவிடும். அங்கே 2 மணி நேரம் முன்பே இருக்கணும். 2008-ல் திறக்கப்பட்ட தேவனஹள்ளி விமான நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. சிட்டிக்குள் வர இன்னும் 1 மணி நேரத்துக்கு மேல். ஆக 5 மணி நேரம் காலி!

சென்ட்ரலில் இருந்து ரெயிலில் சுமார் 360 கி.மீ. 2022-ல் வந்த வந்தே பாரத் சுமார் 4½ மணி நேரத்தில், ஊருக்கு நடுவிலேயே இறக்கி விடுகிறது. அம்பத்தூரில் மின்சார ரெயில் ஏறினால் சென்ட்ரல் முக்கால் மணி நேரம்தான். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கடைசி நேரத்தில் விமான கட்டணமும் எகிறும். எனவே, வீட்டில் கிளம்பும் நேரத்தில் இருந்து கணக்கு போட்டுவிட்டு டிக்கெட் எடுப்பதே நல்லது.