போவன்பள்ளியில் மழை பெய்யுமா? முன்னறிவிப்பை வாசிப்பது எப்படி?

கோடை மழைக் காலத்தில் ஹைதராபாத்வாசிகள் அடிக்கடி கேட்கும் அறிவிப்பு இது: “நகரின் ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் மழைக்கு வாய்ப்பு.” பேகம்பேட்டையில் கொட்டித் தீர்க்கும் அதே மாலையில், பக்கத்திலிருக்கும் போவன்பள்ளியில் ஒரு பொட்டுத் தூறல்கூட விழாமல் போவதுண்டு. வானிலை மையம் சொன்னது பலிக்கவில்லை என்று சலித்துக்கொள்கிறோம். ஆனால், அந்த அறிவிப்பு நம் தெருவுக்கானது அல்ல.

‘ஓரிரு இடங்கள்’ என்றால்?

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பில் இதற்கு ஓர் அளவு உண்டு. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகும் என்று எதிர்பார்த்தால் ‘ஓரிரு இடங்கள்’. 26 முதல் 50 சதவீதம் என்றால் ‘ஒருசில இடங்கள்’; 76 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் ‘பெரும்பாலான இடங்கள்’. ஆக, ‘ஓரிரு இடங்கள்’ என்று சொல்லும் நாளில் நகரின் பெரும்பகுதி நனையாமல் இருப்பதும் அந்தக் கணிப்புக்குள் அடங்கியதே.

கடலிலிருந்து வரும் மழை

ஹைதராபாத்துக்கு இரண்டு வகையில் பெருமழை வருகிறது. ஒன்று, வங்கக் கடலில் உருவாகி வருவது. 2020 அக்டோபர் 13 காலை, ஆழ்ந்த காற்றழுத்த தாழ்வு மண்டலம் ஒன்று காக்கிநாடா அருகே கரையைக் கடந்து தெலங்கானா வழியாக மேற்கே நகர்ந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் பேகம்பேட்டையில் 19 செ.மீ. மழை பதிவானது. அக்டோபர் மாதத்தில் அதற்கு முந்தைய ஒருநாள் உச்சம் 1903-ல் பெய்த 11.7 செ.மீ. மட்டுமே. நகரின் கிழக்கு விளிம்பிலுள்ள கட்கேசர் பகுதியிலோ 32 செ.மீ. கொட்டியது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்த இத்தகைய சுழற்சியைச் செயற்கைக்கோளும் கணினி மாதிரிகளும் சில நாட்களுக்கு முன்பே காட்டிவிடும்.

தலைக்கு மேலே பிறக்கும் மழை

இரண்டாவது வகைதான் ஏமாற்றுவது. ஏப்ரல், மே மாதங்களில் தக்காணப் பீடபூமி 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கிறது. வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் வடமேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் தெலங்கானா மீது சந்திக்கின்றன. சூடேறிய ஈரக்காற்று விறுவிறுவென மேலெழுந்து, பிற்பகலில் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்த இடிமேகமாக நிற்கிறது. அதன் அகலம் சில கிலோமீட்டர். ஆயுளோ பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான். அது எந்தத் தெருவின் மேல் எழும் என்பதைக் காலையிலேயே சொல்லக்கூடிய கருவி எங்கும் இல்லை. 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு அமைப்பே 6 கி.மீ. கட்டங்களாகத்தான் நாட்டைப் பார்க்கிறது.

மழைக்குச் சற்று முன் புழுதியோடு சில்லென்ற காற்று வீசுவதைக் கவனித்திருப்போம். மேகத்திலிருந்து விழும் மழைத்துளிகள் ஆவியாகும்போது காற்று குளிர்ந்து, கனத்து, கீழே விழுந்து, தரையில் மோதி நாலாபுறமும் பரவுகிறது. போவன்பள்ளிக் காய்கறிச் சந்தையில் தார்ப்பாயைப் பிய்ப்பதும், தகரக் கூரையையும் விளம்பரப் பலகையையும் பெயர்ப்பதும் இந்தக் காற்றுதான். அது வீசத் தொடங்கிவிட்டால் மரத்தடியிலோ பலகைகளின் கீழோ ஒதுங்கக் கூடாது.

ராடார் என்ன சொல்லும்?

பிறந்துவிட்ட மேகத்தைப் பின்தொடர்வது டாப்ளர் ராடார். ஹைதராபாத் ராடார் பேகம்பேட்டையில், போவன்பள்ளியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. சுழன்றுகொண்டே அது அனுப்பும் நுண்ணலைகள் மழைத்துளிகளில் பட்டுத் திரும்புவதை வைத்து மழையின் கனத்தையும் காற்றின் வேகத்தையும் கணிக்கிறார்கள். ஆனால், ராடாரால் தன் தலைக்கு நேர் மேலே பார்க்க முடியாது. அதனால் மிக அருகிலுள்ள போவன்பள்ளிக்கு மேல் மேகத்தின் உச்சிப்பகுதி அதன் பார்வைக்குத் தப்பக்கூடும். மேகம் தொலைவிலிருந்து நகர்ந்து வரும்போதே எச்சரிக்கையைக் கவனிக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

காலையில் மாவட்ட எச்சரிக்கையின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனமாக இருக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் தயாராக வேண்டும். சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்க வேண்டும். பிற்பகலில், அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி அறிவிப்பைப் பாருங்கள். தெருவுக்கு மிக நெருங்கி வருவது அதுதான். மின்னலுக்கு ‘தாமினி’ செயலி இருக்கிறது. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால், மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வர வேண்டும்.

இவையெல்லாம் கைப்பேசியும் கான்கிரீட் கூரையும் உள்ளவர்களுக்குச் சரி. 2024 மே 7 மாலை, நகரின் வடமேற்கிலுள்ள பாச்சுப்பள்ளியில் பலத்த மழையின்போது கட்டுமான இடத்தின் தடுப்புச் சுவர் சரிந்து, கொட்டகையில் தங்கியிருந்த ஏழு பேர் இறந்தார்கள். பிழைப்புக்காக வெளிமாநிலங்களிலிருந்து வந்திருந்த குடும்பங்கள் அவை. ஆரஞ்சு நிறம் அறிவிக்கப்பட்டதும் கட்டுமான மேற்பார்வையாளரும் சந்தை நிர்வாகமும் கொட்டகையில் இருப்பவர்களை உறுதியான கட்டடத்துக்கு மாற்றுவது கட்டாயமாக்கப்பட வேண்டும். வானிலை மையம் தரும் அந்த மூன்று மணி நேரம் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.