சீஸுக்குள் ஒரு கால்குலஸ்! கட்டைவிரல் சொன்ன ரகசியத்தைக் கணக்கு பிடித்தது எப்படி?

கொழுப்பு குறைந்த சீஸ் வாங்கியவர்களிடம் கேட்டுப்பாருங்கள். ``ரப்பரை மெல்ற மாதிரி இருக்கு'' என்பார்கள். கொழுப்பைக் குறைத்தால் ருசியோடு பதமும் போய்விடுகிறது. `பதம்' என்பதை எண்ணில் எழுத முடிந்தால்தானே அதைச் சரிசெய்ய முடியும்?

சிக்கலே அங்குதான். ஸ்பிரிங்கை எவ்வளவு இழுக்கிறோமோ, அவ்வளவு விசை. தேனைக் கிளறும்போது எவ்வளவு வேகமாகக் கிளறுகிறோம் என்பதுதான் கணக்கு. சீஸ் இரண்டிலும் சேராத ஆசாமி. சட்டென அழுத்திவிட்டால் ஸ்பிரிங்போல எழும்பும். அழுத்திக்கொண்டே இருந்தால் மெள்ள இளகிக்கொடுக்கும்.

இதைப் பிடித்தவர் ஜார்ஜ் ஸ்காட் பிளேர். 1937-ல் இங்கிலாந்தின் ரெடிங் நகரையொட்டிய பால் பொருள் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தவர். அங்கே சீஸ் தயாரிப்பவர்கள் கட்டைவிரலால் அழுத்தியே தீர்ப்பு சொல்வார்கள். வேறு விஞ்ஞானியாக இருந்தால் விரலை ஓரங்கட்டிவிட்டுக் கருவியைக் கொண்டுவந்திருப்பார். இவர் அந்த விரலையே ஆராய்ந்தார்! ரப்பர் உருளை, தார் உருளை இரண்டையும் கொடுத்து, கையால் அமுக்கி எது உறுதி என்று சொல்லச் சொன்னார். நேரம் ஆக ஆக தார் வழிந்துகொடுக்கும், ரப்பர் அப்படியில்லை. ஆக, `எவ்வளவு நேரம் அமுக்கினீர்கள்?' என்று கேட்காமல் `எது உறுதி?' என்பதற்குப் பதிலே கிடையாது.

ப்ளஸ் டூ-வில் `டிஒய் பை டிஎக்ஸ்' போட்டிருப்பீர்கள். ஒருமுறை வகையிடலாம், இருமுறை வகையிடலாம். அரைமுறை? சிரிக்காதீர்கள், 1695-லேயே லைப்னிட்ஸும் லோபிதாலும் கடிதத்தில் அலசிய கேள்வி இது. ஸ்பிரிங்கின் சமன்பாட்டில் வகையிடலே இல்லை, அதாவது பூஜ்ஜியம். தேனுக்கு ஒன்று. நடுவில் நிற்கும் பொருள்களுக்கு ஒரு பின்னம் போடலாம் என்று 1940-களில் எழுதினார் ஸ்காட் பிளேர். பின்னம் பூஜ்ஜியத்தை நெருங்கினால் ரப்பர் சுபாவம். ஒன்றை நெருங்கினால் தேன் சுபாவம். ஸ்பிரிங்குகளையும் திரவங்களையும் டஜன் கணக்கில் கோத்துச் சொல்லவேண்டியதை, இரண்டே எண்களில் சொல்லிவிடுகிறது இந்த வழி.

அமெரிக்காவின் எம்.ஐ.டி ஆய்வாளர்கள் பங்கேற்று, 2017-ல் வெளியான ஆய்வு இதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனது. உறுதி, துள்ளல், ரப்பர்தன்மை என நாக்கும் பல்லும் உணர்கிற மூன்றுக்கும் பின்னக் கால்குலஸிலேயே இலக்கணம் வகுத்து, சீஸில் அளந்தும் பார்த்தார்கள்.

இதனால் என்ன லாபம்? கொழுப்பு குறைந்த சீஸில் தண்ணீரைக் கூட்டினால் உறுதி குறையும். அதற்காக ரப்பர்தன்மையும் தானாகச் சரியாகிவிட வேண்டும் என்றில்லை. முன்பு இரண்டையும் சேர்த்து `ஏதோ சரியில்லை' என்றுதான் சொல்லமுடிந்தது. இப்போது எது சரியில்லை என்று தனித்தனி எண்ணாகவே கேட்டுவாங்கலாம்.