அரக்கும் வண்ணமும்

கதவு, சன்னல் முதலியவற்றின்மீது பளபளப்புத் தோன்றப் பூசும் ஒருவகை வண்ணத்தை ஜெர்மானியர் 'லாக்ஃபார்பெ' என்பர். இது 'லாக்', 'ஃபார்பெ' என்னும் இரு சொற்கள் சேர்ந்த தொகைச்சொல் ஆகும்.

ஜெர்மன் தொகைச்சொற்களில் இறுதியில் நிற்கும் சொல்லே தலைமை உடையது. மரப்பெட்டி என்பது பெட்டியின் வகையேயன்றி மரத்தின் வகை அன்று. அதுபோல லாக்ஃபார்பெ என்பது ஃபார்பெயின் ஒரு வகையாகும். அம்மொழியில் உயிரற்ற பொருள்களின் பெயர்களுக்கும் பால் உண்டு. லாக் ஆண்பால், ஃபார்பெ பெண்பால். இரண்டும் சேர்ந்த தொகைச்சொல் இறுதிச் சொல்லைப் பின்பற்றிப் பெண்பால் ஆயிற்று.

ஃபார்பெ என்பது ஜெர்மன் மொழியின் பழஞ்சொல். இடைக்காலத்தில் அது 'ஃபர்வெ' என வழங்கி, நிறத்தையும் தோற்றத்தையும் குறித்தது. இன்று நிறம், பூசும் வண்ணம் ஆகிய இரண்டையும் அச்சொல் குறிக்கின்றது.

லாக் என்னும் சொல்லோ நெடுந்தொலைவிலிருந்து வந்தது. அதன் பிறப்பிடம் இந்தியா. இந்நாட்டில் புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் சிறு பூச்சிகள் கூட்டமாகத் தங்கிச் சாற்றை உறிஞ்சி, ஒருவகைப் பிசினை வெளிவிடுகின்றன. அப்பிசினைத் தமிழர் அரக்கு என்பர். வடமொழியில் அதற்கு 'லாக்ஷா' என்பது பெயர். அப்பெயர் அதர்வ வேதத்திலேயே காணப்படுகின்றது. அரக்கிலிருந்து செஞ்சாயம் எடுத்தனர். அதனைச் சாராயத்தில் கரைத்து மரப்பொருள்களுக்கு மெருகும் ஏற்றினர். அச்சொல் பாரசீகத்தில் 'லாக்' எனவும், அரபியில் 'லக்' எனவும் திரிந்தது. இத்தாலிய மொழியில் 'லக்கா' என்றாகி, அங்கிருந்து ஜெர்மன் மொழியை அடைந்தது.

ஆகவே, லாக்ஃபார்பெ என்பதற்கு 'அரக்கு வண்ணம்' என்பதே சொற்பொருள். ஆயினும், இன்று அப்பெயரால் விற்கப்படும் வண்ணங்களில் பெரும்பாலானவற்றில் அரக்கு இல்லை. இருபதாம் நூற்றாண்டில் வேதியியலார் ஆக்கிய செயற்கைப் பிசின்கள் அதன் இடத்தைப் பெற்றுவிட்டன. மோட்டார் வண்டிக்கும் நகத்திற்கும் பூசும் மெருகுகளையும் ஜெர்மானியர் லாக் என்றே வழங்குகின்றனர்.

சொல்லின் பிறப்பை மட்டும் நோக்குவோர் அவ்வண்ணத்தில் அரக்கு உண்டு என மயங்குவர். இன்றைய வழக்கை மட்டும் நோக்குவோர் இந்திய மரக்கிளையில் பிறந்த அதன் வரலாற்றை அறியார். இரண்டையும் ஒருங்கே ஆராய்வதே சொல்லாராய்ச்சியின் முறையாகும். பொருள் மாறினும் பெயர் நிலைத்து நிற்கின்றது; பழைய உறவுகளுக்கு அதுவே சான்று.