கண் இமைப்பதற்குள் வந்துவிடும் பந்து!

பத்துத் தடவை சமைத்தால் ஏழு தடவை குழம்பைக் கெடுத்துவிடுகிற சமையற்காரரை எந்த வீட்டிலாவது வைத்துக்கொள்வார்களா? அமெரிக்காவில் வைத்துக்கொள்கிறார்கள்! சமையலறையில் அல்ல, பேஸ்பால் மைதானத்தில். அங்கே பத்துக்கு மூன்று தடவை சரியாக அடித்து ஓடுகிறவர் மகா கெட்டிக்காரர். அவருக்குக் கோடிக் கணக்கில் சம்பளம்!

ஏன் இந்தச் சலுகை? கிரிக்கெட் மட்டையைப் போல் பேஸ்பால் மட்டை தட்டையானது அல்ல. உலக்கை மாதிரி உருண்டை. பருமன் மூன்று அங்குலம்கூட இல்லை. பந்தெறிபவர் நிற்பதோ 60 அடி 6 அங்குல தூரத்தில். மணிக்கு 100 மைல் வேகத்தில் அவர் எறிந்தால், பந்து சுமார் 0.4 விநாடியில் வந்து சேர்ந்துவிடும். மட்டையை வீசவும் நேரம் வேண்டாமா? ஆகவே, பந்து பாதி வழியில் இருக்கும்போதே "அடிப்பதா, விடுவதா?" என்று தீர்மானித்தாக வேண்டும். கண்ணால் பார்ப்பது பாதி. எறிபவரின் தோளையும் கையையும் கவனித்து ஊகிப்பது மீதி.

அந்த ஊகம் தவறினால் என்ன ஆகும் என்பதை ஒரு பெண்மணி ருசுப்படுத்தினார். 2004-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் நடந்த ஒரு காட்சிப் பந்தயத்தில், ஸாஃப்ட்பால் வீராங்கனை ஜென்னி ஃபின்ச் பந்தெறிந்தார். எதிரே நின்றவர் பேரெடுத்த பேஸ்பால் வீரர் ஆல்பர்ட் பூஹோல்ஸ். ஸாஃப்ட்பால் பந்து பெரியது, வேகமும் குறைவு. ஆனால் கிட்டத்திலிருந்து, கையைக் கீழிருந்து சுழற்றி எறிவார்கள். பூஹோல்ஸுக்கு அது பழகாத வித்தை. அடிக்க முடியாமல் அவுட்டாகித் திரும்பினார்!

இந்தக் காலத்துப் பந்தெறிபவர்களின் தந்திரமும் இதுதான்: ஊகத்தைக் கெடுப்பது. கை வீச்சு ஒன்றே. ஆனால் ஒரு பந்து நேராகப் பாயும், இன்னொன்று கடைசியில் சரேலென்று கீழே இறங்கும், மற்றொன்று மெதுவாக வந்து ஏமாற்றும். விரல் பந்தைப் பிடிக்கிற விதத்தைக்கூட அதிவேகக் காமிராவில் படம் பிடித்துத் திருத்திக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் ஒருவரே ஆட்டம் முழுவதும் எறிவது சகஜம். அடிப்பவர் அவரைப் புரிந்துகொள்ள அவகாசம் இருந்தது. இப்போது களைப்புத் தட்டுவதற்குள் புது ஆள் வந்துவிடுகிறார்.

பலன்? 1941-இல் டெட் வில்லியம்ஸ் பத்துக்கு நாலு தடவைக்கு மேல் அடித்தார். அதற்குப் பின் அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் ஒருவரும் அந்த அளவை எட்டவில்லை. 2018-இல், சரியாக அடித்த தடவைகளைவிட 'ஸ்ட்ரைக் அவுட்' ஆன தடவைகளே அதிகம்!

அடிப்பவர்களுக்காக விதிகளையும் மாற்றிப் பார்த்தாயிற்று. 1969-இல், எறிபவர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். 2023-இல், பந்தைத் தடுப்பவர்கள் ஒரே பக்கமாகக் குவிவதற்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். அப்படியும் 2024-இல் சராசரி பத்துக்கு இரண்டரைகூட இல்லை.

ஏழு தடவை தோற்றவர் எட்டாவது தடவையும் மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு வந்து நிற்கிறாரே, அந்தத் தைரியத்துக்குத்தான் சம்பளம் போலிருக்கிறது!